ஏழாவது கூறு

“இப்ப உள்ளவங்களுக்குக் கண்ணால பார்த்துக் கறியைக் கூறு போடத் தெரியலை. தராசாம், புள்ளியாம், கணக்காம்! யாரை ஏமாத்த?”

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று சுப்பையா சத்தம் போட்டார். தீபாவளிக்காக ஆறு வீடுகள் சேர்ந்து எடுத்த ஆடு. எலும்போடு பதின்மூன்றரைக் கிலோ கறி, பெரிய தாம்பாளத்தில் கிடந்தது.

“போன வருஷம் கண்ணால பார்த்துப் போட்டுத்தானே சண்டை வந்துச்சு மாமா? அதான் டியூஷன் எடுக்கிற சுபாஷினியைக் கூப்பிட்டேன்,” என்றான் பழனியப்பன்.

போன மாதம்தான் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவள் சுபாஷினி. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கரால் நீள்வகுத்தல் போட்டாள்.

“பதிமூணு புள்ளி அஞ்சை ஆறால வகுக்கணும். பதிமூணுல ரெண்டு தடவை, மீதி ஒண்ணு. புள்ளியை மேலே வச்சுட்டு அஞ்சை இறக்கினா பதினஞ்சு. ரெண்டு தடவை, மீதி மூணு. ஒரு சைபர் போட்டா முப்பது. அஞ்சு தடவை. வீட்டுக்கு ரெண்டேகால் கிலோ.”

“பழனி, கேட்டியா? மூணு மிச்சம்னாங்க, உடனே முப்பதுங்கறாங்க. இல்லாத சைபர் எங்கேருந்து வந்துச்சாம்?”

“பெரியவர்கிட்ட சொல்லுங்கண்ணே,” என்றாள் சுபாஷினி, தலை நிமிராமல். “அது பத்துல மூணு. நூறுல முப்பதுன்னாலும் அதேதான். கறி கூடலை, துண்டுதான் சின்னதாச்சு.”

சுப்பையா நம்பவில்லை. ஆனாலும் எழுதும் அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி ஜெயலெட்சுமி இறந்ததிலிருந்து தீபாவளிக் கறியை அவர் தனியாகவே ஆக்கி, தனியாகவே தின்கிறார்.

“ஏழாப் போடச் சொல்லு,” என்றார் திடீரென்று.

“ஆறு வீடுதானே மாமா? சிங்கப்பூர்லேருந்து உங்க பையன் வர்றானா?”

“அவன் வந்தா என் வீட்டுல தின்பான். ஒரு வீடுன்னா ஒரு கூறு. ஏழு வீடு.”

“எங்க கூறு கொறைஞ்சிடும் லா!” என்றாள் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி.

“கொறைஞ்சா குழம்புல தண்ணி ஊத்து.”

சுபாஷினி மறுபடி வகுத்தாள். “ஒண்ணு... புள்ளி... ஒன்பது, ரெண்டு, எட்டு...” மார்க்கர் அட்டையின் ஓரத்துக்கே வந்துவிட்டது. “அண்ணே, ஏழுல இது முடியாது. சைபர் போடப் போட மீதி வந்துகிட்டே இருக்கும். ஆறுன்னா சுத்தமா முடியும்.”

“மிச்சம் இருந்தா இருக்கட்டும். எனக்கு அது பழக்கம்தான்.”

எடை போட்டு முடித்தார்கள். அவரவர் கூறை அவரவர் எடுத்தார்கள். ஏழாவது மட்டும் வாழையிலையில் கிடந்தது.

“இது யாருக்கு மாமா?”

“மூணாம் மாடிக்கு.”

அட்டையை மடித்துக்கொண்டிருந்த சுபாஷினியின் கை நின்றது. “நான் பங்கே சேரலியேண்ணே...”

சுப்பையா அந்தக் கூறை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். தன் பையில் இருந்த ஈரலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“என்ன கணக்கோ! எனக்கென்னவோ இதுதான் சின்னதாத் தெரியுது,” என்று முனகிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

“அப்பா!”

அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து சொல்லப்படாமலே கிடந்த அந்தச் சொல், இப்போதுதான் சுபாஷினியின் வாயிலிருந்து வந்தது.