அரசாங்கச் சொந்தம்

சாவுத் பன்றிக்கறிக் கொழுக்கட்டையைக் கடித்ததும் கொழுப்பு அவன் தாடையில் வழிந்தது. ஆய்நிசாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவள் தட்டிலும் அதே கொழுக்கட்டைதான். முகம் சுளிக்காமல் தின்றாக வேண்டும். இன்றைக்கு நல்ல பெயர் வாங்கிவிட்டால், சீன அரசாங்கத்தின் தடுப்பு முகாமில் அடைபட்டிருக்கும் கணவன் காதிர் குர்பான் பெருநாளுக்கு வீடு வந்துவிடுவான்.

மாதாமாதம் வீட்டில் வந்து தங்கும் இந்த அதிகாரிகளைச் சொந்தக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொந்தமாம், சொந்தம்! கூட வந்த வென்னாவது சீனப் பெண். சாவுத் இதே யார்கந்தில் பிறந்த, அவளைப் போலவே ஒரு உய்கூர் முஸ்லிம். தூ, கோடரிக்காம்பு.

வாய் நிறைய மென்றுகொண்டே அவன் பாடம் எடுத்தான். உய்கூர்கள் துருக்கியர் வழி வந்தவர்களே இல்லையாம். ஆதியிலிருந்தே சீனப் பெருங்குடும்பத்துப் பிள்ளைகளாம். இஸ்லாம் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"எங்கே, உன் வாயாலயே சொல்லும்மா. நாம யாரு வழி வந்தவங்க?"

அவன் கேட்டபடியே சொன்னாள். சொன்ன நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது.

தட்டுகள் காலியாயின. ஆய்நிசா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் உள்ளங்கைகளை ஏந்தி, முகத்தில் தடவி இறைவனுக்கு நன்றி சொல்வது ஊர் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி அதைச் செய்துதான் மாட்டினாள்.

ஏப்பம் விட்டபடியே சாவுத் கைகளை ஏந்தினான். முகத்தைத் தடவினான்.

தொட்டில் பழக்கம் எங்கே போகும்?

தான் செய்தது உறைத்ததும் அவன் முகம் வெளுத்தது. வேர்வையைத் துடைப்பதுபோல் நெற்றியைத் தேய்த்தான்.

அவர் என்ன செய்தார் என்று வென் ஆய்நிசாவிடம் கேட்டாள்.

வேர்வை என்று சொன்னால் போதும். சாவுத் அவளையே பார்த்தான். அந்தக் கண்ணில் முதல்முறையாக ஒரு ஊர்க்காரன் தெரிந்தான்.

ஆய்நிசா காதிரை நினைத்துக்கொண்டாள்.

"பிரார்த்தனை பண்ணினார்."

வென் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். மேலிடத்தில் உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறேன் என்றாள்.

அவர்கள் போனதும் ஆய்நிசா முற்றத்துக்கு ஓடி, குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். உள்ளறையிலிருந்து வந்த மாமியார், பாழாய்ப்போன பன்றிக்கறி என்று திட்டியபடியே முதுகை நீவிவிட்டாள்.

ஆய்நிசா ஆமாம் என்று தலையாட்டினாள்.