வைக்கோல் எசமான்

செத்துப்போன ஜமீன்தாரின் பழைய அங்கியையும் சரிகைத் தலைப்பாகையையும் மாட்டி, சோளக்கொல்லையின் நடுவில் ஒரு வைக்கோல் பொம்மையை நட்டு வைத்திருந்தார்கள். அதையே எசமான் என்று நம்பிய குருவிகளுக்கு, அவர் கொல்லைக்கு மேலே பறக்கத் துணிச்சல் இல்லை. சிறகை ஒடுக்கிக்கொண்டு, தலைகுனிந்து வரப்பில் நடந்தே போகும்.

கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வரப்பில் ஒரு குருவிக்குஞ்சு பசியில் செத்துக் கிடந்தது. பொம்மைக்குப் பொறுக்கவில்லை.

"அடி தாயே, நான் வெறும் வைக்கோல். என் தலை மண்சட்டி. வந்து தின்னு," என்று தாய்க்குருவியைக் கெஞ்சியது.

"எவ்வளவு பெரிய மனசு! இப்படித் தன்னையே தாழ்த்திப் பேசுறீங்களே சாமி," என்று அது கும்பிட்டது. "எங்களைச் சோதிச்சுப் பாக்குறீங்கன்னு தெரியாதா? ஒரு மணியைக்கூடத் தொடமாட்டோம்."

ஒற்றைக்காலில் நின்ற பொம்மையால் வேறென்ன செய்ய முடியும்? காற்றைத்தான் நம்பியிருந்தது.

மறுநாள் சூறைக்காற்று அடித்தது. அங்கி கிழிந்து, வயிற்றிலிருந்த வைக்கோலெல்லாம் காற்றோடு போயிற்று. 'அப்பாடா, இனிமேலாவது இதுகளுக்குக் கண் திறக்கும்' என்று பொம்மை நினைத்தது.

தாய்க்குருவி ஓடிவந்தது. "ஐயோ, எங்க எசமானுக்கு இப்படி ஆகிப்போச்சே!" என்று அழுதது. உடனே வரப்பைத் தாண்டி ஓடி, அங்கிருந்து கூட்டுக்குப் பறந்து, மிச்சமிருந்த ஒரே குஞ்சுக்கு அடியிலிருந்து வைக்கோலை உருவிக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றாகப் பொம்மையின் வயிற்றில் செருகியது.

"வேண்டாம் தாயே, வேண்டாம்," என்று பொம்மை கதறக் கதற, அதன் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தது.