மீன் புத்தகம்

“இந்தப் பொண்ணுங்களை மீன்பிடித் தொழிலைப் பத்தி ஒரு புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாப்போம்.”

இன்ஸ்பெக்டர் சுப்பராயன் கேட்டதும் தேவப்பிரியம் அலமாரிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

திருவொற்றியூர்ப் பெண்கள் பள்ளி நூலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவதும், மூட்டை கட்டி அனுப்புவதும் இவர் கையில்தான் இருந்தது.

அவரை அசத்திவிட வேண்டும் என்று, அண்ணன் மண்டியிலிருந்து பழுப்புத் தாள் கொண்டுவந்து நேற்றும் இன்று காலையும் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். மேசையில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் போட்டுத் தள்ளினாள்.

முதுகில் ஒட்டிய எண்களும் தாளுக்குள்ளே போய்விட்டன என்பது இப்போதுதான் உறைத்தது. எந்த அலமாரியைப் பார்த்தாலும் ஒரே பழுப்பு.

போதாக்குறைக்குக் காலையிலிருந்து சாப்பாட்டு டப்பாவையும் காணோம். பியூன் கிருஷ்ணப்பன் மேல்தான் சந்தேகம்.

“நம்பரைப் பாத்து எடுங்கட்டி” என்று அந்தப் பெண்களை அவள் படுத்தாத பாடு இல்லை. சபீஹா புத்தகத்தை உள்ளங்கையில் ஏந்தி, கனம் பார்த்தே எடுப்பாள். நெட்டுக்குப்பத்து வேம்புவுக்கு எல்லாம் மூக்குதான். மீன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயும் கருவாட்டுக்குக் காவலிருந்தபடியே படிப்பவள் ஆயிற்றே. இருவரும் இதற்காக முட்டி போட்டிருக்கிறார்கள்.

தேவப்பிரியம் வெட்கத்தை விட்டாள். “உங்க இஷ்டப்படியே தேடுங்கட்டி, தாயே!”

சபீஹா நாலைந்தைத் தூக்கிப் பார்த்து ஒன்றை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் திறந்தார். மீன்பிடித் தொழிலேதான்.

அவருக்கு வாயெல்லாம் பல். ‘மாணவிகள் அவரவர் வழியில் தேட விடப்படுகிறார்கள். அருமையான முறை. வேலையை நிரந்தரமாக்கலாம்’ என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தார்.

தேவப்பிரியத்துக்கு உயிர் திரும்பி வந்தது.

“டீச்சர், இங்க இன்னொண்ணு கீது! வாசனை சும்மா தூக்குது!” என்று கோடி அலமாரியிலிருந்து ஓடிவந்தாள் வேம்பு.

“அடடே, அதையும் குடும்மா. ரயில்ல படிச்சுட்டே போறேன்.” வாங்கியவர் அதையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு விரைந்தார்.

மத்தியான மணி அடித்தது. பசியில் தேவப்பிரியம் மறுபடியும் டப்பாவைத் தேடினாள்.

வேம்பு தலையைச் சொறிந்தாள். “டீச்சர், அந்தப் புக்கு உள்ள கடகடன்னு ஆடிச்சு.”

தேவப்பிரியம் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். டப்பாவில் இருந்தது வஞ்சிரக் கருவாட்டு வறுவல். வேலைக்கான சிபாரிசும் அதே பையில்தான் போயிருக்கிறது.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்வந்த கிருஷ்ணப்பன், நிரந்தர வேலைக்கான உத்தரவை மேசையில் வைத்தான். பக்கத்தில் டப்பாவையும் வைத்தான். கழுவித் துடைத்து, அதே பழுப்பு அட்டை கசங்காமல் மறுபடி போட்டிருந்தது.

“ரெண்டாம் பாகம் கீதான்னு கேட்டுகினு வரச் சொன்னாரு, டீச்சர்.”