நடுத்தூண்

“பதினோரு வருஷமாச்சு ஐவிந்த். இதுக்குள்ள நீ கல்யாணமும் பண்ணி, விவாகரத்தும் வாங்கிட்டே. எங்க பாலத்துக்கு ஒரு தூண்கூட வரல” என்றார் யோருன்.

பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். நகராட்சிப் பொறியாளன் ஐவிந்தும் சிரித்துவைத்தான். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு கேள்வி வரும் என்பது அவன் அனுபவம்.

யோருன், லின்வோய் தீவின் பாலக் கமிட்டித் தலைவி. நகராட்சிக்கு மாதம் தவறாமல் ஒரு கடிதம் போடுபவர். அவர் கையெழுத்தைப் பார்த்தாலே அங்கே பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

“சரி, இந்த வருஷம் என்ன சாக்கு?”

“கழுகுதான்.”

“மறுபடியுமா?” டீச்சர் மாரித், தன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நடுத்தூண் வரவேண்டிய பாறையில அதே ஜோடி, இந்த வருஷமும் முட்டை வெச்சிருக்கு. வர்ற வழியில நானே பார்த்தேன். குஞ்சு பறக்கற வரைக்கும் அங்க வெடி வைக்கக் கூடாது. அதுக்குள்ள புயல் காலம் வந்துடும். அப்புறம் அனுமதிக்கு மறுபடி எழுதணும்.”

“இந்தக் கரை நெடுக எத்தனை பாறை கிடக்கு? அதுக்கு எங்க பாறைதான் கிடைச்சுதா?”

“பறவை நிபுணரையே கூட்டிட்டு வந்து கேட்டாச்சு யோருன். இரை நிறைய கிடைக்கற இடத்தை அது லேசுல விடாதாம்.”

“பறவைக்கு இருக்கற மரியாதை நமக்கு இல்ல” என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஐவிந்துக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “பக்கத்துத் தீவு ஸ்கார்வோய்க்காரங்க பாலம் வேண்டாம்னு கொடி பிடிச்சாங்க. மேலிடத்துல ரோஷம் வந்து ரெண்டே வருஷத்துல கட்டி முடிச்சாங்க. நீங்க வேணும் வேணும்னு கேக்கறீங்க, நடக்க மாட்டேங்குது. என்ன சொல்றதுன்னே தெரியல.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். கட்டிக் காட்டு.”

கூட்டம் முடிந்ததும் யோருன் அவன் தட்டில் இரண்டு வாஃபிள்களை வைத்து, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டார். “திட்டினது வேற, இது வேற. சாப்பிடு.”

சாப்பிட்டுக்கொண்டே ஐவிந்த் சுவரைப் பார்த்தான். ஒன்பது பிள்ளைகள் வரைந்த ஒன்பது படங்கள். பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு தாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு பெயர். தீவின் எல்லா வீடும் அதில் இருந்தது.

“இது என்ன?”

“ஊர்ப்பணி. தினம் ஒரு வீட்டு முறை. எல்லாம் பள்ளிக்கூடத்துக்காகத்தான்.”

அவனுக்கு இது புதிதல்ல. அவன் தெருவிலும் வசந்தம் வந்தால் எல்லோரும் துடைப்பத்தோடு இறங்குவார்கள். கூலி கிடையாது, வராதவனை யாரும் மறப்பதும் கிடையாது.

“ஒன்பது பிள்ளைங்களுக்கு எவ்வளவு மெனக்கெடறீங்க. பாலம் வந்துட்டா இந்தத் தொல்லையே இல்ல. பஸ்ல இருபது நிமிஷம், எல்லாரும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம். ஸ்கார்வோய்ல பாலம் திறந்த மறு வருஷமே பள்ளிக்கூடத்தைப் பூட்டியாச்சு.”

“இப்ப அங்க எத்தனை பிள்ளைங்க?”

அவன் யோசித்தான். “யாரும் இல்லன்னு நினைக்கிறேன். பிள்ளை இருக்கற குடும்பமெல்லாம் டவுனுக்கே குடிபோயிட்டாங்க.”

யோருன் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

“அடுத்த கடிதம் நேரா அமைச்சருக்குத்தான். சொல்லிட்டேன்” என்றார்.

“தயவுசெஞ்சு இன்னும் ஒரு வருஷம் பொறுங்க” என்று அவன் கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

“பார்க்கலாம்.”

பன்னிரண்டு மணிப் படகில் அவன் ஏறினான். யோருன் துறையில் இடுப்பில் கை வைத்து, முறைத்தபடியே நின்றார். படகு முனையைத் திரும்பி மறைந்தது.

பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. ஒன்பது பிள்ளைகளும் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். பின்னாலேயே மாரித், மூடி போட்ட ஒரு வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து துறையில் வைத்தாள்.

“கூட்டத்துல மறந்துடப் போறீங்க. இன்னிக்கு உங்க முறை.”

“மறப்பேனா?” யோருன் வாளியைத் தன் சின்னப் படகில் ஏற்றி, நடுப்பாறையை நோக்கித் துடுப்பு வலித்தார். பழகிய துடுப்புச் சத்தம் கேட்டதும், காவலிருந்த கழுகு பாறையை விட்டுத் தாழ இறங்கி வந்தது. பாலக் கமிட்டித் தலைவி வாளியைத் திறந்து, முதல் மீனை எடுத்து வீசினார்.