கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

"ஏத்தா பொன்னுத்தாயி! இங்குட்டு வா!"

சேவுகப்பெருமாள் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவருக்கு எலக்ட்ரிக்கல் கடை. மேசையில், அவர் கைக்கெட்டும் தூரத்தில், சின்னத் தொட்டிகளில் கள்ளிச்செடிகள். அப்போதுதான் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கவிழ்த்திருந்தார். நடுவிலிருந்த உருண்டைக் கள்ளி சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. முள் படாமல் அடியில் அழுத்தினார். கனிந்த சப்போட்டாவுக்குள் இறங்குவதுபோல் விரல் உள்ளே போனது. நாற்றம் வேறு.

கடையைக் கூட்டி, தண்ணீர் எடுத்து வைக்கும் பொன்னுத்தாயி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"தண்ணி ஊத்துனியா?"

"இல்லீங்கய்யா."

"பொய் சொல்லாத. மண்ணைத் தொட்டுப் பாரு, நடவு வயலு மாதிரிச் சொதசொதன்னு கெடக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை போதும்னு பார்சல்லயே எழுதி ஒட்டியிருந்துச்சு. படிச்சுக் காட்டுனேனா இல்லையா?"

"காட்டுனீக."

"அப்புறம் பேயா வந்து ஊத்துச்சு? கடையில இருக்கறது நீயும் நானும். சரி, அஞ்சு தொட்டியில ரெண்டைக் காணோமே, எங்க?"

"பின்னாடி நெழல்ல வச்சிருக்கேன்."

"கொண்டா!"

பழைய பேப்பரில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்று மண்ணே இல்லாமல் வேரோடு கிடந்தது. இன்னொன்றுக்கு அடிப்பாகமே இல்லை. வெட்டின மேல் துண்டு மட்டும், அறுத்த வாயில் சாம்பல் பூசி.

"அடிப்பாவி! தலையைச் சீவிட்டியா?"

"அடி அழுகிப்போச்சுங்கய்யா. விட்டா மேல ஏறிக்கிட்டே போகும். உள்ள பழுப்பே தெரியாமப் போற வரைக்கும் சீவி எடுத்துட்டுச் சாம்பல் தடவி வச்சிருக்கேன். பத்து நாள் காயணும். வெட்டுவாய் நல்லாக் காஞ்ச பொறவு மணல்ல நட்டா வேர் விடும். இன்னொண்ணுக்கு வேர் மட்டுந்தான் ஊறியிருக்கு. அதான் ஈர மண்ணை உதறிட்டேன்."

"பெரிய டாக்டரு! கொல்றதையும் கொன்னுட்டு ஆபரேசன் வேற பண்றாளாம்!"

வயர் வாங்க வந்திருந்த பக்கத்துச் செருப்புக்கடை ஜியாவுதீன் சிரித்துவிட்டார். "விடுங்கண்ணே. முள்ளுச் செடிக்கு இம்புட்டுப் பஞ்சாயத்தா? நம்ம ஊர்ல இதை வேலிக்கு வைப்பாக. நீங்க மேசையில வச்சுச் சீராட்டுறீக."

"உனக்கு என்ன தெரியும் ஜியா?"

ஜியாவுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். மகள் ஜனனி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய் மூன்று வருஷம். அப்பனும் மகளும் பேச்சில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் இந்த ஐந்து தொட்டிகளும் அவளிடமிருந்து பார்சலில் வந்தன. திருப்பி அனுப்புவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமை ஜனனி வருதுன்னு சேதி வந்திருக்கு. வந்து இதைப் பாத்தா என்ன நெனைக்கும்? அப்பன் வன்மத்துல கொன்னுட்டான்னுதானே நெனைக்கும்?" பொன்னுத்தாயி பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீ வர வேணாம். போ!"

அவள் முகம் கறுத்தது. விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்தினாள்.

"போகச் சொன்னாப் போறேன். ஆனா ஊத்துனேன்னு மட்டும் சொல்லாதீக. நான் ஊத்தலை."

"அப்ப யாரு? சொல்லு!"

பொன்னுத்தாயி ஜியாவுதீனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பாத்தியா ஜியா, அழுத்தத்தை!" சேவுகப்பெருமாளுக்கு மூச்சு வாங்கியது.

"பிரசர் ஏறிடப் போகுதுண்ணே. மொதல்ல மாத்திரையப் போடுங்க."

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள்தான் போய் டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். வாங்கி, மாத்திரையைப் போட்டு, இரண்டு மடக்குக் குடித்தார்.

"நன்றி கெட்டதுக! நாலு எழுத்துப் படிச்சுக் காட்டுனாலும் மண்டையில ஏறாது. ஒரு செடியைப் பாத்துக்கத் துப்பில்ல..."

"அண்ணே..." என்றார் ஜியாவுதீன்.

"என்ன அண்ணே?"

"கையைப் பாருங்க."

பார்த்தார். டம்ளர் பக்கத்துத் தொட்டிக்கு மேலே கவிழ்ந்திருந்தது. கடைசிச் சொட்டு ஒரு முள்ளில் தொங்கி மண்ணில் விழுந்தது.

நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு, வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். குடித்த மிச்சத்தைத் தரையில் கொட்டினால் முதுகில் அடி விழுகிற வீடு. அறுபது வருஷமாக, டம்ளரில் மிச்சம் இருந்தால் கை தானாக ஒரு செடியைத் தேடும். ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர்.

டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பொன்னுத்தாயி பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுமா ஆத்தா பேசாம நின்ன?"

"வந்தவுக முன்னாடி மொதலாளியக் காட்டிக் குடுக்கச் சொல்றீகளா?" பொன்னுத்தாயிக்குக் கோபம் அடங்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தொட்டியை இழுத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள். கறிவேப்பிலைக் கன்று. "இனிமே மிச்சத்தை இதுல ஊத்துங்க."

"இது எப்ப வாங்குன?"

"நேத்து. பாப்பா வைக்கச் சொன்னுச்சு."

"எந்தப் பாப்பா?"

"உங்க பாப்பாதான். அழுகுனதை எப்படிக் காப்பாத்தறதுன்னு கேக்க, பார்சல்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். நீங்கதான் ஊத்துறீகன்னு சொன்னவுடனே சிரிச்சிருச்சு. 'அப்பாகிட்ட சொல்லிராதீகக்கா, மனசு ஒடஞ்சு போவாக. எனக்குத் தெரியும், அவுக வாய்தான் வையும். கை தண்ணிதான் ஊத்தும்'னுச்சு."