மாமனார் பேர்

கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைப் போடவே கூடாது என்று சுடலையாண்டி மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மகன் பத்திரிகையே அடிக்கவில்லை. வேலை பார்த்த நாட்டிலேயே, தான் விரும்பிய பிலிப்பைன்ஸ் பெண் ரோவெனாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான்.

மூன்று வருடம் கழித்து, அந்தத் திருமணத்தைத் தன் நாட்டுக் கணக்கில் பதியவும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் அவள் பிலிப்பைன்ஸ் தூதரகத்துக்குப் போனாள். "கணவரின் குடும்பப் பேருக்கு மாறியே ஆக வேண்டும் என்றில்லை. பிறந்த வீட்டுப் பேரையே வைத்துக்கொள்ளலாம்" என்றாள் கவுன்டரில் இருந்தவள். ரோவெனாவின் கணவனுக்குக் குடும்பப் பேர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவன் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது அப்பாவின் பேர்தான். ரோவெனா அந்த நீளமான பேரை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுத்தாள்.

கணவனோடு அவள் முதல்முறை ஊருக்கு வந்தபோது, மாமனார் தலைதூக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பேப்பர் மேலேயே பாஸ்போர்ட்டை விரித்து வைத்தாள். அவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இத யாரு எழுதச் சொன்னா?"

"நானேதான், மாமா" என்றாள், கணவனிடம் கற்ற தமிழில்.

"எத்தன வருசத்துக்கு?"

"பத்து வருசம்."

"அதுக்கப்புறம்?"

"மறுபடி ரினீவல் பண்ணுவேன், மாமா."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துருதேன்மா" என்று மருமகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மகன் பக்கம் அவர் இன்னும் திரும்பவில்லை.