அம்மாவே சாட்சி

"உன் பாயைச் சுருட்டிக்கிட்டு மாடிக்குப் போடா. இனிமே சிந்துஜாகூட நான் படுத்துக்கறேன்."

அம்மா சந்திரம்மாள் இப்படிச் சொன்னபோது, விளையாட்டு என்று நினைத்து இளஞ்செழியன் சிரித்தான். குழந்தை இனியாவுக்கு ஆறு மாதம் முடிந்து, அன்று காலைதான் கோயிலில் முதல் சோறு ஊட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

விளையாட்டு இல்லை. ஒரு வாரமாக அவனுக்கு மாடிதான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல வீடு. பௌர்ணமியன்று அந்த மாடியில் படுப்பதும் பஸ் ஸ்டாண்டில் படுப்பதும் ஒன்றுதான். பௌர்ணமி முடிந்த காலையில் கண் சிவக்க இறங்கி வந்தான்.

"கண்ணே மூடலம்மா. விடிய விடிய அரோகரா சத்தம்."

"நல்லதுதானே? படுத்த எடத்துலயே கிரிவலப் புண்ணியம்."

பின்னாலேயே தம்பி அன்பரசன் வந்தான். பேருக்குத்தான் தம்பி. இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அண்ணன் தம்பியின் தோள் உயரம்தான். மூக்குகூட ஒத்துப்போகாது.

"மாடி என் ஏரியாம்மா. இவன் விடுற கொறட்டையில கொசுவே காலி பண்ணிட்டுப் போயிடுச்சி. ஒரே நாள்ல பொறந்த பாவத்துக்கு நானும் சேந்து அனுபவிக்கணுமா?"

"சும்மா இருடா," என்றான் இளஞ்செழியன்.

"நீ இருடா."

காம்பவுண்டு சுவருக்கு மேல் அடுத்த வீட்டு ஜோதியம்மாளின் தலை தெரிந்தது. அடுத்த நிமிடம் ஆளே வந்துவிட்டாள்.

"ஏண்டி சந்திரா, புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கிற மாமியாரை நான் சீரியல்லதான் பாத்திருக்கேன்."

"இப்ப நேர்லயே பாத்துட்டியேக்கா. நடுவுல விளம்பரம்கூட கிடையாது."

"சிரிக்காதே. தெருவே பேசுது. அம்மாடி சிந்துஜா, நீயாவது கேக்கக் கூடாதா?"

சிந்துஜா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பி.எட். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இனியாவுக்காகப் பாதியில் நின்ற படிப்பு. கல்லூரியில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் மேல் பயம் என்று ஜோதியம்மாள் முடிவு செய்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? காரணத்தையாவது சொல்லும்மா," என்றான் இளஞ்செழியன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இவ எத்தினி வாட்டி கூப்புட்டா? போனியா நீ?"

"ஐயய்யோ, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" ஜோதியம்மாள் பதறினாள்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதான் பயமே."

சிந்துஜா புத்தகத்தை மூடினாள்.

"பெரிம்மா, பால் மட்டுமே குடுக்கணும், மாசவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது, கொழந்தைக்கு ஆறு மாசம் தாண்டக் கூடாது. இந்த மூணும் சரியா இருந்தா அடுத்தது தங்கறது ரொம்பக் கம்மின்னு நர்ஸக்கா சொன்னாங்க. ஒண்ணு தப்புனாலும் வேற வழி பாத்துக்கணுமாம். இப்ப ஆறு மாசம் முடிஞ்சிடுச்சி, சோறும் ஊட்டிட்டோம். ரெண்டு பேரும் வாங்கன்னு கூப்புட்டாங்க. இவரு வரமாட்டேங்கறாரு. இன்னொரு வாட்டி நின்னா என் படிப்பு அவ்ளோதான் பெரிம்மா."

அன்பரசன் காபி டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

இளஞ்செழியனுக்குக் காது சிவந்தது. "அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாம் தெரிஞ்சவங்க. எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது? பால் குடுக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. எங்கம்மாவே சாட்சி. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பெத்தாங்க, மூணு வயசு வரைக்கும் பால் குடுத்தாங்க. அப்புறம் ஒண்ணாவது பொறந்துதா?"

"அதுவும் சரிதான்," என்று ஜோதியம்மாள் கட்சி மாறினாள். "ரெட்டையப் பெத்தவளுக்கே அப்புறம் தங்கல."

சந்திரம்மாள் இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"அப்புறம் தங்காததுக்குக் காரணம் பால் இல்லடா. ஆபரேஷன்."

"என்னம்மா சொல்ற?"

"அப்ப கீழ்பென்னாத்தூர்ல இருந்தோம். நான் கல்லக்கா புடுங்கப் போயிடுவேன். மூணாம் மாசத்துலேருந்தே உனக்குப் பகல்ல புட்டிப்பால், ராத்திரிதான் தாய்ப்பால். பால் குடுக்கறமே, ஒண்ணும் ஆவாதுன்னு உன்னை மாதிரிதான் நானும் நெனச்சேன்."

சந்திரம்மாள் அன்பரசன் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்த ஊருக்கு வந்து, ரெண்டு பேரையும் ஒண்ணா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ரெட்டையான்னு வாத்தியார் கேட்டாரு. அடுத்தடுத்துப் பொறந்ததைச் சொல்ல வெக்கம். ஆமாம்னு தலையாட்டிட்டேன். அவரு ரெண்டு பேருக்கும் ஒரே தேதிய எழுதிட்டாரு."

அன்பரசனுக்குக் காபி புரையேறியது.

"அடிப்பாவி!" ஜோதியம்மாள் தலையில் கை வைத்தாள். "ரெட்டை வாழப்பழம் தின்னதாலதான் ரெட்டைப் புள்ள பொறந்துச்சின்னு சொன்னியேடி! அதை நம்பி என் பொண்ணுக்கு எத்தினி ரெட்டைப்பழம் ஊட்டினேன்! சளிதான் புடிச்சிது!"

இளஞ்செழியன் ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தான்.

"சிந்துஜா, கெளம்பு. நர்ஸைப் பாத்துட்டு வந்துடலாம்."

சந்திரம்மாள் குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்பரசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். நினைவு தெரிந்த நாளிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்டவன், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாத்துப் போயிட்டு வாங்கண்ணா."